அப்டேட்டை நிறுத்தினவன் சொல்றேன்

போன மாசம் ஒரு புதன்கிழமை. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து, நாலு இட்லியை உள்ள தள்ளிட்டு, ஃபேனைப் போட்டுப் படுத்த பத்தாவது நிமிஷம் போன். எங்க வட்டத்துலயே ரெண்டு தெரு தள்ளி இருக்குற நண்பரோட பையன். டிப்ளமா முடிச்சிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கிட்டு இருக்கான்.

"அங்கிள், தூங்கிட்டீங்களா?"

தூங்கிட்டா எப்படிடா போனை எடுப்பேன்னு கேக்க நினைச்சேன். கேக்கலை. குரல்ல ஒரு பதட்டம்.

"நேத்து ராத்திரி பிரவுசர் அப்டேட் ஆச்சு அங்கிள். அதுல இருந்து அப்ளிகேஷன் போடுற சைட் மட்டும் திறக்க மாட்டேங்குது. மத்ததெல்லாம் வருது. அவங்க ஹெல்ப்லைன்ல கேட்டா பழைய வெர்ஷனைப் போட்டுக்குங்கன்னு சொல்றாங்க. நாளைக்குக் கடைசி நாள். பழசைப் போட்டுட்டு அப்டேட்டை மொத்தமா ஆஃப் பண்ணிடவா?"

"டேய், பண்ணாதே!"

நான் போட்ட சத்தத்துல அடுக்களையில இருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாங்க. நான் சாதாரணமா கத்துற ஆள் இல்லை. ஆனா இந்த ஒரு விஷயத்துல எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

பழைய கணக்கு

2015 செப்டம்பர் கடைசி. மந்தாரக்குப்பத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன். சின்னச் சின்ன சிவில் வேலை எடுத்துச் செய்யுற காண்ட்ராக்டர். வெள்ளையடிக்கிறது, வாய்க்கால் கட்டுறது, ஓடு மாத்துறது, இந்த மாதிரி. காகிதத்துல டெண்டர் போட்டுப் பழகின மனுஷன். எல்லாம் ஆன்லைன் ஆனதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒரு டோக்கன் வாங்கி, பையன் துணையோட ஒப்பேத்திக்கிட்டு இருந்தார்.

ஒரு நாள் மதியம் பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுறார். "தம்பி, மூணு மணிக்கு டெண்டர் முடியுது. கையெழுத்துப் போடுற இடத்துல ஒண்ணுமே வரலை. சாம்பல் கலர்ல ஒரு கட்டம் மட்டும் நிக்குது."

போய்ப் பார்த்தேன். விஷயம் இதுதான். அந்தத் தளம் கையெழுத்துப் போடுறதுக்கு ஜாவா ஆப்லெட்டை நம்பி இருந்தது. அந்த மாதிரிச் செருகிகள் ஓடுற வழியை குரோம் 2015 ஏப்ரல்ல 42-ஆம் பதிப்புல தானா இயங்காம நிறுத்தி வெச்சது. செப்டம்பர்ல 45-ஆம் பதிப்புல அடியோட எடுத்துட்டாங்க. அண்ணனோட குரோம் தானாவே அப்டேட் ஆகி, கையெழுத்து காணாமப் போச்சு.

சரின்னு நெருப்புநரியைப் போட்டுப் பார்த்தேன். அதுல அன்னைக்கு ஜாவா ஓடும். ஆனா அந்த ஆப்லெட் பழசு. 2014 ஜனவரியில வந்த ஜாவா 7 அப்டேட் 51-ல இருந்தே, ஒழுங்கான கையெழுத்து இல்லாத ஆப்லெட்டை ஓட விடுறதில்லை. தடுத்திடுச்சு. அந்தத் தளத்தோட உதவிப் பக்கத்துல போட்டிருந்தது: ஜாவா 6 போடவும், தானியங்கி அப்டேட்டை நிறுத்தவும்.

மணி ரெண்டு. நான் என்ன செஞ்சேன்? சொன்னதைச் செஞ்சேன். பென் டிரைவ்ல வெச்சிருந்த பழைய ஜாவாவைப் போட்டேன். பழைய குரோமைப் போட்டேன். ஜாவா அப்டேட், குரோம் அப்டேட், போதாக்குறைக்கு விண்டோஸ் அப்டேட், மூணையும் கழுத்தைப் பிடிச்சு நிறுத்தினேன். ரெண்டு நாற்பதுக்கு டெண்டர் போயிடுச்சு. வேலையும் அவருக்கே கிடைச்சது. ஒரு கிலோ பண்ருட்டி முந்திரியோட வீட்டுக்கு வந்தார். எனக்குத் தலைகால் புரியலை. "நம்ம கைராசி அப்படி"ன்னு வீட்டுல வேற பெருமை அடிச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அந்த மெஷினை நான் மறந்துட்டேன். யாரும் திரும்ப எதையும் ஆன் பண்ணலை.

2018 பிப்ரவரி. மறுபடியும் போன். "தம்பி, எல்லா ஃபைலும் பேர் மாறிக் கிடக்கு. எதுவும் திறக்கலை. இங்கிலீஷ்ல ஏதோ காசு கேக்குது." ஆமாங்க, அதேதான். கோப்புகளை எல்லாம் பூட்டு போட்டுட்டு பணம் கேக்குற வகை. ஆறு வருஷ பில்லு, அளவுப் புத்தக நகல், வங்கிக் கடிதங்கள், எல்லாம் போச்சு. பேக்கப் எடுத்து வெச்ச வெளி டிஸ்க்கும் அப்போ செருகியே இருந்ததால அதுவும் போச்சு. பில்லாவது இங்க அங்க அலைஞ்சு நகல் வாங்கிட்டார். ஆனா மக கல்யாணத்துல அவங்க அப்பா தடியை ஊனிக்கிட்டு வந்து ஆசீர்வாதம் பண்ணின வீடியோ ஒண்ணு இருந்தது. பெரியவர் கடைசியா எழுந்து நடமாடினது அன்னைக்குத்தான். அந்த வீடியோ வேற எங்கயும் இல்லை. ஸ்டூடியோக்காரர் எப்பவோ அழிச்சிட்டார்.

அந்தச் சனியன் எந்த வழியா உள்ள வந்ததுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. பழைய ஜாவா வழியா இருக்கலாம், மெயில்ல வந்த ஏதோ ஒண்ணாவும் இருக்கலாம். ஆனா ரெண்டரை வருஷமா ஒரு ஓட்டையைக் கூட அடைக்காம அந்த மெஷினை இணையத்துல நிறுத்தி வெச்சது யாரு? சாட்சாத் நானேதான்.

அவர் என்னைத் திட்டலை. "விடு தம்பி, அன்னைக்கு நீ அதைச் செய்யலைன்னா அந்த வேலை எனக்குக் கிடைச்சிருக்காது"ன்னார். திட்டியிருந்தாலாவது தேவலை.

அப்டேட் என்ன செய்யுது?

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதை ஏன் நோண்டுறாங்க?" ஊர்ல பாதிப்பேர் கேக்குற கேள்வி இது. நானும் கேட்டிருக்கேன்.

நெய்வேலிக்காரனுக்கு இதை விளக்குறது சுலபம். நம்ம சுரங்கத்துல பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழ அழுத்தத்தோட தண்ணி நிக்குது. சும்மா தோண்டிக்கிட்டே போனா அது அடியைப் பொத்துக்கிட்டு மேல வந்துடும். அதனால சுத்தி ஆழ்துளைக் கிணறு போட்டு, ராத்திரி பகலா இறைச்சு, அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே இருக்கணும். "நேத்துதான் இறைச்சோமே, இன்னைக்கு எதுக்கு?"ன்னு எந்த ஷிஃப்ட்லயும் யாரும் கேக்கறதில்லை. தோண்டுற வரைக்கும் இறைக்கணும். அவ்வளவுதான்.

உலாவி அப்டேட்டும் அதே ஜாதி. புதுப் பொத்தான், புதுக் கலர் எல்லாம் மேல தெரியுற பூச்சு. அடியில நடக்குறது இறைப்பு வேலை. ஓட்டை கண்டுபிடிக்கப்படும், அடைக்கப்படும், அடுத்தது கண்டுபிடிக்கப்படும். 2017 மே 12-ஆம் தேதி வான்னக்ரை உலகத்தையே கலக்கிச்சே, ஞாபகம் இருக்கா? அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. நடுவுல ரெண்டு மாசம். அடிபட்ட ஆதரவுள்ள மெஷின்கள்ல பெரும்பாலானவை அந்த ரெண்டு மாசத்துல அப்டேட் போடாதவை.

சில சமயம் ஓட்டையை அடைக்கிறதுன்னா ஒரு கதவையே எடுத்துட்டுச் சுவர் வெக்கிறது. அந்தக் கதவு வழியா மட்டுமே வந்து போன தளம் அன்னையில இருந்து நமக்குத் தெரியாது. "அப்டேட் ஆனதும் சைட் போச்சு"ன்னு நாம சொல்றது பெரும்பாலும் இதைத்தான்.

நம்ம நாட்டு உதாரணமே ஒண்ணு இருக்கு. 2014 ஜூலை 2-ஆம் தேதி, கூகுளோட சில முகவரிகளுக்குப் போலிச் சான்றிதழ்கள் உலாவுறதை கூகுள் கண்டுபிடிச்சது. அதைக் கையெழுத்திட்டது நம்ம தேசிய தகவலியல் மையத்தோட சான்றிதழ் அமைப்பு. அதுக்கு மேல இருந்தது இந்திய அரசோட சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர், சி.சி.ஏ. அந்த வேர்ச் சான்றிதழை விண்டோஸ் நம்பினதால, விண்டோஸ்ல ஓடின எக்ஸ்ப்ளோரரும் குரோமும் நம்பின. நெருப்புநரி தனக்குன்னு தனிப் பட்டியல் வெச்சிருந்ததால அதுக்குப் பாதிப்பு இல்லை. மறுநாளே சி.சி.ஏ. அந்த இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து பண்ணிடுச்சு. அதோட விடாம, இந்திய வேர்ச் சான்றிதழ் குறிப்பிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டும்தான் செல்லும்னு குரோம் வரம்பு போட்டுச்சு.

தினம் பார்த்துக்கிட்டு இருந்த ஒரு தளம் அதுக்கப்புறம் யாருக்காவது சிவப்பு எச்சரிக்கை காட்டியிருந்தா, அவர் கண்ணுக்கு உலாவிதான் வில்லன். ஆனா அந்த வரம்பைப் போடலைன்னா, அவர் ஜிமெயில்னு நினைச்சுக் கடவுச்சொல்லைக் கொட்டுறது ஜிமெயில் தானான்னு யாரு உத்தரவாதம் கொடுக்கிறது?

தமிழனுக்கு இது புதுசா என்ன?

இருபது வருஷத்துக்கு முன்னாடி தமிழ்ல இணையம் மேஞ்சவங்களுக்கு இந்த வலி அத்துப்படி. தளத்துக்கு ஒரு எழுத்துரு. ஒருத்தர் திஸ்கி, ஒருத்தர் டாப், ஒருத்தர் தானே செஞ்ச ஏதோ ஒண்ணு. இயங்கு எழுத்துருன்னு ஒண்ணு இருந்தது, எக்ஸ்ப்ளோரர்ல மட்டும் தெரியும். நெருப்புநரியில திறந்தா ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்து, ஏதோ சாமி வந்து ஆடின மாதிரி இருக்கும். பக்கத்தோட அடியில "இத்தளத்தைக் காண இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தேவை"ன்னு ஒரு வரி.

அந்தப் பக்கங்களைப் படிக்க நெருப்புநரியில பத்மான்னு ஒரு நீட்சி போட்டோம். அது பறக்கிறபோதே யுனிகோடுக்கு மாத்திக் காட்டும். சுரதாவோட பொங்குதமிழ் மாற்றியில வெட்டி ஒட்டிப் படிச்சோம். தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏத்துக்கிட்டது 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல. இன்னைக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எப்படி ஒழிஞ்சது? வாசகர்கள் எல்லாரும் பழைய எக்ஸ்ப்ளோரரைப் பத்திரமா பூட்டி வெச்சுக்கிட்டதாலயா? இல்லீங்க. தளக்காரங்க யுனிகோடுக்கு மாறினதால.

மாறாத தளங்கள்? பத்மா மாதிரி பழைய வகை நீட்சிகளுக்கு 2017 நவம்பர்ல நெருப்புநரி 57 வந்ததும் வேலை போச்சு. அந்தத் தளங்கள்ல இருந்த கதை, கட்டுரை எல்லாம் இன்னைக்கும் எங்கயாவது சர்வர்ல கிடக்கலாம். படிக்கத்தான் ஆள் இல்லை. ஒரு குறிப்பிட்ட உலாவியை நம்பி எழுதினதுக்கு அதுதான் கூலி.

தென் கொரியாவைப் பாருங்க. ஒரு காலத்துல இணைய வேகத்துல உலகத்துக்கே அண்ணன். 1999-ல தங்களுக்குன்னு ஒரு குறியீட்டு முறை உருவாக்கினாங்க. அதை ஓட்ட எக்ஸ்ப்ளோரர்ல ஆக்டிவ்-எக்ஸ் செருகி. வங்கியா, கடையா, அரசாங்கமா, எல்லாத்துக்கும் அதேதான். அப்புறம் உலகமே எக்ஸ்ப்ளோரரை விட்டுட்டுப் போயிடுச்சு, இவங்களால போக முடியலை. அந்த அரசுச் சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்தைச் சட்டம் போட்டு எடுத்தது 2020 டிசம்பர்லதான். முழுசா இருபது வருஷம். இத்தனைக்கும் அந்தக் குறியீட்டு முறையில தப்பு இல்லை. ஒரே ஒரு உலாவியோட முடிச்சுப் போட்டதுதான் தப்பு.

அப்போ யார் மேல தப்பு?

உலாவி கம்பெனிகள் ஒண்ணும் உத்தமர்கள் இல்லை. நாலஞ்சு பேரு உக்காந்து முடிவு பண்ணுறாங்க, உலகமே ஆடுது. பழைய போன் வெச்சிருக்கற ஏழைபாழைதான் முதல்ல அடிபடுறான். லெட்ஸ் என்க்ரிப்ட்னு இலவசமா சான்றிதழ் கொடுக்குற அமைப்பு இருக்கு. அவங்க சாஞ்சு நின்ன பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதி ஆச்சு. பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்காக ஒரு ஏற்பாடு பண்ணி 2024 வரைக்கும் இழுத்துப் பிடிச்சாங்க. அதுக்கப்புறம் 7.1-க்கு முந்தின ஆண்ட்ராய்டுல குரோம் மாதிரி போனோட சொந்தப் பட்டியலை நம்புற உலாவிகள்ல அந்தத் தளங்கள் எல்லாம் எச்சரிக்கைதான். அந்தப் போனுக்கு அப்டேட்டே வராது, கம்பெனி எப்பவோ கைகழுவிடுச்சு. அவன் என்ன பண்ணுவான்? இது நியாயமான கேள்வி. போன் விக்கிறவன் எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவேன்னு பெட்டி மேலயே அச்சடிக்கணும்னு நான் சொல்வேன்.

ஆனா "திடீர்னு பண்ணிட்டாங்க"ன்னு தளம் நடத்துறவங்க சொல்றதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். செருகிகளை எடுக்கப் போறோம்னு குரோம்காரங்க அறிவிச்சது 2013 செப்டம்பர்ல. எடுத்து முடிச்சது 2015 செப்டம்பர்ல. முழுசா ரெண்டு வருஷம். பழைய டி.எல்.எஸ். 1.0, 1.1 குறியாக்கத்தை நிறுத்தப் போறோம்னு நாலு பெரிய உலாவிக்காரங்களும் சேர்ந்து சொன்னது 2018 அக்டோபர்ல. 2020 மார்ச்சுல நெருப்புநரி அதை நிறுத்தவும் செஞ்சது. சரியா அப்போ கொரோனா. கொரோனா தகவல் கொடுக்கிற சில அரசுத் தளங்கள் இன்னும் பழைய குறியாக்கத்துலயே கிடந்ததால, மொஸில்லா தற்காலிகமா மறுபடியும் திறந்து விட்டுச்சு. ஜூன் கடைசியில 78-ஆம் பதிப்புலதான் திரும்ப மூடினாங்க. அதாவது, உயிர் போற நேரத்துல மக்களுக்குத் தகவல் சொல்ல வேண்டிய தளங்களுக்காக உலகம் முழுக்க ஒரு ஓட்டையை சில மாசம் திறந்து வெக்க வேண்டியிருந்தது. சிரிக்கவா அழவா?

ஆக என் கட்சி இதுதான். ஒரு பொதுச் சேவைத் தளம், "பழைய பதிப்பு போடு, அப்டேட்டை நிறுத்து"ன்னு பொதுமக்கள்கிட்ட சொல்றது தொழில்நுட்ப உதவி இல்லை. தன் வேலையைத் தான் செய்யாம, அதோட விலையை நம்ம தலையில கட்டுறது. பஸ்ஸுல பிரேக் பிடிக்கலைன்னா வண்டியை ஷெட்டுக்கு அனுப்பணும். "பயணிகள் கெட்டியாப் பிடிச்சுக்குங்க"ன்னு போர்டு மாட்டக் கூடாது. அந்த உதவிப் பக்கத்துல ஒரு வரி எழுதினவருக்கு அஞ்சு நிமிஷ வேலை. அந்த வரியை நம்பின எங்க அண்ணனுக்கு அவர் அப்பாவோட கடைசி நடை போச்சு.

இந்திய உலாவி ஒண்ணு வேணும்னு 2023-ல மத்திய அரசு போட்டி வெச்சது. நம்ம நாட்டு வேர்ச் சான்றிதழ் உள்ளேயே இருக்கணும்னு கேட்டாங்க. 2025 மார்ச்சுல ஸோஹோவுக்கு முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய். சந்தோஷம்தான், நம்ம ஊர் கம்பெனி. ஆனா நாளைக்கு ஏதாவது ஒரு தளம் "இந்த உலாவியில மட்டுமே திறக்கும்"னு எழுதினா, எக்ஸ்ப்ளோரர் இருந்த இடத்துல இன்னொருத்தரை உக்கார வெச்ச கதைதான். உலாவி எந்த ஊருதா இருந்தா என்ன, தளம் எல்லா உலாவியிலயும் திறக்கணும்.

சரி, தளம் திறக்கலைன்னா என்ன செய்யறது?

வெறும் புலம்பலோட விட்டா எப்படி? நான் இப்போ பண்ணுற வரிசை இது. அப்டேட்டை நிறுத்துறது இதுல எங்கயும் இல்லை, கவனிங்க.

1. வர்ற செய்தியை முழுசா படிங்க, படம் பிடிச்சு வெச்சுக்குங்க. "திறக்கலை"ன்னா நூறு காரணம். சான்றிதழ் பிரச்சினையா, முகவரியே கிடைக்கலையா, வெறும் வெள்ளைப் பக்கமா? மூணும் மூணு வேற வியாதி.

2. கணினியோட தேதியைப் பாருங்க. சிரிக்காதீங்க, பழைய டெஸ்க்டாப்ல இது அடிக்கடி நடக்கும். மதர்போர்டுல இருக்குற சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி செத்துட்டா, கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால போயிடும். அந்தத் தேதிக்கு எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால பல தளம் திறக்காது. சின்ன காசுல முடியுற வேலை. அப்டேட் முடிஞ்சு மெஷின் அணைஞ்சு திறந்த அன்னைக்குத்தான் இது வெளிய தெரியும். பழி அப்டேட் மேல.

3. மறைநிலைச் சாளரத்துல திறந்து பாருங்க. அதுல திறந்தா, தப்பு ஏதாவது நீட்சியிலயோ பழைய குக்கீயிலயோ இருக்கு. நீட்சிகளை ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. அந்தத் தளத்தோட குக்கீயை மட்டும் அழிங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டுக் கடவுச்சொல்லைத் தேடி அலையாதீங்க.

4. ஆன்டிவைரஸ் நடுவுல உக்காந்து பாதுகாப்பான இணைப்பைப் பிரிச்சுப் படிக்கிற வசதி வெச்சிருக்கும். உலாவி புதுசாகி அது பழசா இருந்தா ரெண்டுக்கும் ஒத்துப் போகாது. முதல்ல ஆன்டிவைரஸைப் புதுப்பிங்க.

5. போன்ல, வீட்டு வைஃபையை அணைச்சுட்டு, மொபைல் டேட்டாவுல திறங்க. திறந்தா பிரச்சினை வீட்டு இணைப்புல. கணினியில திறந்து போன்ல மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தா, பல சமயம் சர்வர்க்காரர் இடைநிலைச் சான்றிதழை இணைக்க மறந்திருப்பார். சில உலாவி அதைத் தானாத் தேடி எடுத்துக்கும், சிலது எடுக்காது. அது நம்ம தப்பு இல்லை.

6. இன்னொரு உலாவியில, அதோட புதுப் பதிப்புல பாருங்க. எக்ஸ்ப்ளோரர் மட்டுமே வேணும்னு அடம் பிடிக்கிற தளத்துக்கு எட்ஜ் உலாவியிலயே ஒரு எக்ஸ்ப்ளோரர் பயன்முறை இருக்கு. விண்டோஸ் 10-ல எக்ஸ்ப்ளோரருக்கே 2022 ஜூன் 15-ஆம் தேதி மூடுவிழா நடந்தாச்சு. இந்தப் பயன்முறையை அந்த ஒரு தளத்துக்கு மட்டும் வெச்சுக்குங்க.

7. "உங்கள் உலாவி பழையது"ன்னு புது உலாவியிலயே சொல்லுதா? அப்போ தளம் பதிப்பு எண்ணைத் தப்பாப் படிக்குது. இது பழைய கூத்து. 2009-ல ஓபரா 10 வந்தப்போ பல தளம் முதல் இலக்கத்தை மட்டும் படிச்சுட்டு "நீ ஒண்ணாம் பதிப்பு"ன்னு துரத்தினதால, ஓபரா தன்னை 9.80-ன்னு பொய் சொல்லிக்கிட்டது. 2022-ல குரோமும் நெருப்புநரியும் 100-ஐத் தொட்டப்போ, மூணு இலக்கத்தைப் பார்த்து எத்தனை தளம் உளறுமோன்னு முன்னாடியே சோதிச்சுப் பார்த்தாங்க.

8. எல்லாம் பார்த்தாச்சு, தளத்துலதான் தப்புன்னு தெரிஞ்சா, எழுதுங்க. போன்ல சொன்னா காத்துல போயிடும். பிழைச்செய்தியோட படம், உலாவி பதிப்பு, தேதி, நேரம் போட்டு மெயில் அனுப்புங்க. கடைசி நாள் விவகாரம்னா அந்த மெயில்தான் உங்க கையில இருக்கற ஒரே ஆதாரம்.

இனிமே இது அடிக்கடி வரும், குறையாது. தளச் சான்றிதழோட ஆயுளைப் படிப்படியாக் குறைச்சு, 2029 மார்ச்சுல 47 நாளாக்கணும்னு 2025 ஏப்ரல்ல சான்றிதழ் வழங்குறவங்களும் உலாவிக்காரங்களும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க. புதுப்பிக்கிற வேலையைத் தானியங்கியா ஆக்காத தளம் வருஷத்துக்கு ஏழெட்டுத் தரம் தடுக்கி விழும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் "அப்டேட்டை ஆஃப் பண்ணுங்க"ன்னு ஆலோசனை சொல்லுவார். விண்டோஸ் 10-க்கு வேற 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட வழக்கமான ஆதரவு முடிஞ்சாச்சு. அதனாலதான் இப்பவே சொல்லி வெக்கிறேன்.

பையன் என்ன ஆனான்?

தூக்கம் போச்சு, கண்ணைக் கசக்கிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். தேதி சரி. நீட்சி ஒண்ணும் இல்லை. சான்றிதழ் எச்சரிக்கை. பார்த்தா நான் அஞ்சாவதுல சொன்ன அதே கதை, சர்வர்ல இடைநிலைச் சான்றிதழ் இல்லை. இன்னொரு புது உலாவியில, எந்த எச்சரிக்கையையும் தாண்டாம, சுத்தமாத் திறந்தது. சாயங்காலத்துக்குள்ள விண்ணப்பம் போட்டுட்டான். அப்புறம் அவனையே உக்கார வெச்சு மெயில் எழுத வெச்சேன். முதல் மெயிலுக்குப் பதில் இல்லை. ரெண்டாவதுக்கும் இல்லை. பத்து நாள் கழிச்சுப் பார்த்தப்போ எல்லா உலாவியிலயும் திறந்தது. எங்க மெயிலால சரியாச்சா, தானா சரியாச்சான்னு தெரியாது. உதவிப் பக்கத்துல அந்தப் "பழைய பதிப்பு" வரி மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. மூணாவது மெயில் எழுதச் சொல்லியிருக்கேன்.

மந்தாரக்குப்பத்து அண்ணன் இப்போ லேப்டாப் வெச்சிருக்கார். வேலையைப் பையன்கிட்ட கொடுத்துட்டாலும் டெண்டர் மட்டும் அவர் கையாலதான். அப்டேட் கேட்டு மூலையில ஒரு பெட்டி வந்தா இன்னைக்கும் எனக்கு ஒரு போன் போடுவார்.

"போடலாமா தம்பி?"

"போடுங்கண்ணே."

ஒவ்வொரு தடவையும் கேப்பார். நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். அந்த மனுஷன் இன்னும் என்கிட்டயே கேக்குறார் பாருங்க, அதுக்காகவாவது சரியான பதிலைச் சொல்லணும் இல்லையா?

டிஸ்கி: தளத்தோட பேரைக் கேட்டுத் தனிமடல் போடாதீங்க. அந்தக் காலத்துல அப்படி எழுதி வெச்ச தளம் ஒண்ணா ரெண்டா? :-) நான் சொல்ல மாட்டேன்.